தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்குப் பன்முகப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் டிரஸ்ட், சொசைட்டி நடத்துகிறவர்களுக்கு ‘டைவர்சிட்டி, இன்க்ளூஷன்’ பயிற்சி எடுப்பது என் வேலை. ஹாலில் மைக்கைக் கொடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. டீ இடைவேளையில் ஓரமாக வந்துதான் கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன், பதில்கள் என்னுடையவை.

முதலில், இந்த டைவர்சிட்டி, இன்க்ளூஷன் என்றால் என்ன சார்? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் நிறுவனத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது முதல் பாதி, அது டைவர்சிட்டி. உள்ளே வந்தவர்களில் யார் பேச்சு எடுபடுகிறது என்பது இரண்டாம் பாதி, அது இன்க்ளூஷன். முதல் பாதியை நம் நிறுவனங்கள் ஓரளவு சமாளித்துவிடுகின்றன. ‘எங்கள் களப்பணியாளர்களில் பெண்கள்தான் அதிகம்’ என்று எல்லோருமே சொல்கிறார்கள், அது உண்மையும்கூட.

அதே நிறுவனத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மேசையைச் சுற்றி டைரக்டர், அக்கவுண்டன்ட், ஆண் கோஆர்டினேட்டர்கள். களப்பணிப் பெண்கள் சுவரோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், மடியில் ரெஜிஸ்டரோடு. பதினொரு மணிக்கு டீ வந்ததும் எழுந்து ஊற்றிக் கொடுப்பதும் அவர்கள்தான். ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் அவர்கள் வேலை செய்யும் ஊரைப் பற்றிய முடிவு எடுத்தாகிவிட்டிருக்கும். பயிற்சியைத் தலைமைக்கு எடுப்பது இதனால்தான். யார் எங்கே உட்காருவது, யார் பேசுவது, யார் காசோலையில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் செய்வதே சேவை. ஏழை எளியவர்களுக்காகத்தான் இந்த நிறுவனமே. எங்களுக்கு எதற்கு இது?

சேவை செய்வது வேறு, கூட உட்கார வைத்துக்கொள்வது வேறு. இருளர் பழங்குடி மக்களிடையே பல வருடங்களாக நல்ல வேலை செய்கிற நிறுவனங்கள் உண்டு: சாதிச் சான்றிதழ் வாங்கித் தருவார்கள், கொத்தடிமையிலிருந்து மீட்பார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பார்கள். டிரஸ்டி பட்டியலை எடுத்தால் அதில் ஓர் இருளர்கூட இருக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், ‘அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க’ என்று வரும். இத்தனை வருடம் வேலை செய்தும் போர்டில் உட்கார ஒருவர்கூடத் தயாராகவில்லை என்றால், தயார்செய்யும் வேலையை யாரும் தொடங்கவில்லை என்றுதான் பொருள்.

உங்கள் நிறுவனத்தைச் சோதிக்கக் கன்சல்டன்ட் வேண்டாம். டிரஸ்ட் டீடில் உள்ள பெயர்கள், சம்பளப் பட்டியலின் மேல் ஐந்து பெயர்கள், கீழ் ஐந்து பெயர்கள், பயனாளிகள் பட்டியலில் ஒரு பக்கம். நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆபீஸில் யாரும் சாதி பார்ப்பதில்லை. பெயருக்குப் பின்னால்கூடப் போடுவதில்லை. அப்புறம் என்ன?

பெயரிலிருந்து சாதியை எடுத்தது பெரிய காரியம்தான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானம் போட்டார்கள். வடக்கே இருந்து வரும் ஃபண்டர்கள், அதாவது நிதி தருகிறவர்கள், நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வியந்து போவார்கள். ஆனால் பட்டம் போனதும் விசாரிக்கும் வழிதான் மாறியது. ‘சொந்த ஊர் எது?’, ‘ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?’, ‘குலதெய்வம் எங்கே?’, ‘வீட்ல நான்வெஜ் உண்டா?’ புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரத்தில் அன்பாகவே கேட்கப்படுகிற நாலு கேள்வி போதும், ஆபீஸுக்கே விஷயம் தெரிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டைக் கவனியுங்கள். யார் டிபன் பாக்ஸ் எல்லோரிடமும் சுற்றி வருகிறது, யார் கொண்டுவந்த குழம்புக்கு மட்டும் ‘வயிறு சரியில்லைப்பா’ என்று பதில் வருகிறது? களத்திலும் பாருங்கள். காலனியில் சொம்பில் தண்ணீர் நீட்டினால் ‘பாட்டில் இருக்குங்க’ என்று பையைத் தட்டிக் காட்டுகிற ஊழியர், அரை மணி கழித்து ஊருக்குள் கொடுக்கும் மோரை வாங்கிக் குடிப்பார். காலனிக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. உங்கள் இம்பாக்ட் ரிப்போர்ட்டில்தான் வராது.

இன்னொன்று: ‘எங்கள் ஆபீஸில் சாதி இல்லை’ என்று தலித் ஊழியர் ஒருவர் தானாக வந்து சொல்லி நான் கேட்டது அபூர்வம். அந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அப்படியானால் ஸ்டாஃபிடம் சாதி கேட்டு ஃபாரம் எழுதி வாங்கிவிடலாமா? ஃபண்டர்கூடக் கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். இருநூறு பேர் உள்ள இடத்தில், பெயரில்லாமல், விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பும் ஃபாரம் சரிப்படும். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் பெயரை எடுத்துவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே ஃபாரம் கொடுப்பது மேலே சொன்ன ‘எந்த ஊர்?’ விசாரணைக்கு லெட்டர்பேட் அடித்துக் கொடுப்பது போல ஆகிவிடும்.

சின்ன நிறுவனங்களுக்கு நான் சொல்வது: டிரஸ்டிகளும் டைரக்டரும் தங்களைப் பற்றி முதலில் எழுதுங்கள். அந்தத் தாளே பெரும்பாலும் போதுமான பாடமாக இருக்கும். ஊழியர் விவரம் ஃபண்டருக்குத் தேவை என்றால் மொத்த எண்ணிக்கையாக மட்டும் கொடுங்கள். யாரையாவது அடையாளம் காட்டிவிடும் அளவுக்குச் சின்ன எண்ணாக இருந்தால் கொடுக்க முடியாது என்று சொல்லுங்கள். ஃபண்டர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் போதாதா? ரிப்போர்ட்டுக்கு நாலு போட்டோவும் கையெழுத்து ஷீட்டும் இருந்தால் சரிதானே?

ரிப்போர்ட்டுக்குப் போதும். நிறுவனத்துக்கு எதுவும் நடக்காது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவைப் பார்த்தார்கள். கட்டாயமாக உட்கார வைத்து எடுக்கும் டைவர்சிட்டி வகுப்பால் மேலாளர் பதவிகளில் யார் இருக்கிறார்கள் என்பது பெரிதாக மாறவில்லை. சில இடங்களில் எரிச்சல்தான் மிஞ்சியது. மேலதிகாரிகளையே பொறுப்பாக்கியது, இளையவர்களுக்கு வழிகாட்ட ஆள் வைத்தது, ஆளெடுக்கும் இடத்தை மாற்றியது ஆகியவற்றுக்குப் பலன் இருந்தது. அது அமெரிக்கக் கம்பெனிகளின் கதைதான், ஆனால் நம் ஊரில் நான் பார்ப்பதும் அதையே சொல்கிறது.

அதனால் நான் எடுக்கும் முறை: தலைமைக்கு இரண்டு நாள், நடுவில் சில வாரம் இடைவெளி விட்டு. ஊழியர்களோடு தனியாக ஒரு நாள், டைரக்டர் இல்லாமல். பிறகு ஆறு மாதம் கழித்து அரை நாள், எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்று பார்க்க. முடிவுகள் போர்டு மினிட்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத முடிவு டீயோடு போய்விடும்.

பயிற்சியில் அப்படி என்னதான் நடக்கும்? எங்களை உட்கார வைத்துத் திட்டுவீர்களா?

திட்டுவதற்கு நேரம் இருக்காது, ஃபைல்கள் அதிகம். கடைசியாக ஆளெடுத்த ஃபைலைக் கொண்டுவரச் சொல்வேன். பொதுவாக ஒரு விளம்பரம் இருக்கும்: ‘களப்பணியாளர் தேவை. ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும். சொந்த டூவீலர், லைசென்ஸ் கட்டாயம். மாலை நேரக் கூட்டங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும்.’ இதில் ஒவ்வொரு வரியும் யாரை வெளியே நிறுத்துகிறது என்று அவர்களையே எழுதச் சொல்வேன். கிராமத்தில் தமிழில் பேசும் வேலைக்கு ஆங்கிலம் எதற்கு? முதல் தலைமுறைப் பட்டதாரி அங்கேயே விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவார். ‘சொந்த’ டூவீலர் என்றால் பல பெண்களும் பார்வையற்றவர்களும் போனார்கள். ‘களப்பயணம் செய்ய வேண்டும், பயணப்படி உண்டு’ என்று எழுதினாலும் வேலை நடக்கும். இந்த ஒரு தாளில் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அப்புறம் சம்பளக் கட்டமைப்பு, கடந்த கூட்டங்களின் மினிட்ஸ், விடுமுறைப் பட்டியல். ஆபீஸில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் உண்டு. அக்கவுண்டன்ட் பையனுக்கு ‘சார்’, அவன் அம்மா வயதுள்ள துப்புரவுப் பணியாளருக்கு ‘ஏம்மா, இங்க வா’ என்றால் அதைப் பற்றியும் பேசுவோம். இந்தப் பகுதியில்தான் ஹால் நெளியும்.

டைரக்டருக்கு நேரமில்லை. எங்கள் ஹெச்.ஆர். பொண்ணை அனுப்பட்டுமா?

வேண்டாம். அவர் கற்றுக்கொண்டு வந்து யாரிடம் சொல்வார்? டைரக்டருக்கு நேரம் கிடைக்கும் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டப்படி எதெல்லாம் கட்டாயம்? அதை மட்டும் செய்துவிடுகிறோம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். குழு அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. ‘நாங்கள் கம்பெனி இல்லையே’ என்று சொல்ல முடியாது. டிரஸ்ட், சொசைட்டி, தொண்டு நிறுவனம் என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. சம்பளமில்லாத தன்னார்வலரும் பயிற்சியில் இருப்பவரும் ஊழியர் கணக்கில் வருவார்கள்.

இந்தச் சட்டத்தின் வேர் ஒரு களப்பணியாளரின் கதையில் இருக்கிறது என்பது நம் துறையினர் பலருக்குத் தெரிவதில்லை. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த பன்வாரி தேவி குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்காக 1992இல் ஊரின் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்ததாகப் புகார் எழுந்தது. அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில் 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிமுறை வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து 2013 சட்டம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி நிறுவனத்துக்குச் சமவாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது இன்னும் விரிவாக இருக்க வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆகிவிட்டன. ஆட்டிசம், தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் உண்டு. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது, புகார் கேட்க ஒரு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. இவை எல்லாம் குறைந்தபட்சம்தான். மேலே பார்த்த டிபன் பாக்ஸ் விஷயத்துக்கு எந்தச் சட்டத்திலும் ஃபாரம் கிடையாது.

எங்களிடம் மொத்தமே ஏழு பேர். உள்ளகக் குழு தேவையில்லைதானே?

தேவையில்லை. ஆனால் உங்கள் ஊழியருக்குப் புகார் தர இடம் இருக்கிறது: மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. அதன் தொடர்பு விவரத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஏழு பேர் என்று எண்ணும்போது இன்டர்ன்கள், மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள், சமையலக்கா எல்லோரையும் சேர்த்து எண்ணினீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வெளி உறுப்பினர் பற்றி. ‘என் கமிட்டியில் நீங்க இருங்க, உங்க கமிட்டியில் நான் இருக்கேன்’ என்று இரண்டு டைரக்டர்கள் மாற்றிக்கொள்வது நம் மாவட்டங்களில் சகஜம். சட்டம் இதைத் தடுக்கவில்லை, ஆனால் அந்த நட்பைத் தெரிந்த எந்தப் பெண்ணும் அந்தக் குழுவிடம் போக மாட்டார்.

புகார் எங்கள் நிறுவனர் ஐயா மீதே வந்தால்? அவர்தான் இந்த நிறுவனமே.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. சட்டத்தில் பதில் தெளிவாக இருக்கிறது: புகார் வேலையளிப்பவர் மீதே என்றால் அது உள்ளூர்க் குழுவுக்குப் போகும், நிறுவனத்தின் ஆட்களைக் கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. இதை உங்கள் கொள்கையில் பெயர் சொல்லி எழுதுங்கள்: மேனேஜிங் டிரஸ்டி மீது புகார் வந்தால் எங்கே போக வேண்டும், விசாரணை முடியும்வரை காசோலை அதிகாரம் யாரிடம், ஊழியர்களிடம் யார் பேசுவது. புகார் வருவதற்கு முன்னால் எழுதினால் பத்து நிமிட வேலை. வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் ஐயாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று பார்க்கப்படும்.

‘குடும்பம் மாதிரி இருக்கிறோம், பேசி முடித்துவிடலாமே’ என்றும் வரும். சமரசம் உண்டு, ஆனால் புகார் தந்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. மூத்த டிரஸ்டியின் மனைவி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பழத்தட்டோடு போவதெல்லாம் சமரசக் கணக்கில் வராது. அது மிரட்டல்தான்.

மாற்றுத்திறனாளி ஒருவரை எடுக்க ஆசைதான். ஆனால் ஆபீஸ் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை.

எல்லாக் குறைபாடும் சக்கர நாற்காலி இல்லை. காது கேளாதவருக்கும் பார்வையற்றவருக்கும் உங்கள் மாடிப்படி பெரிய தடை இல்லை. சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவரை எடுக்கிறீர்கள் என்றால் தரைத்தளத்தில் ஓர் அறையும் பயன்படுத்தத் தகுந்த கழிவறையும் உள்ள இடமாக அடுத்த வாடகை ஒப்பந்தத்தின்போது பாருங்கள். கழிவறையைச் சொல்ல மறக்கிறவர்கள் அதிகம். சாய்தளம் பளபளவென்று போட்டிருப்பார்கள், கழிவறைக் கதவு இரண்டடி அகலம்.

நீக்குவதற்குச் செலவே இல்லாத ஒரு தடையைச் சொல்கிறேன். நம் நிறுவனங்களில் பழைய ஆவணங்கள் எல்லாம் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளோடு பார்வையற்ற ஊழியர் அதைத் திறந்தால், அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளைப் படிக்கும். அரசாணையை போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டாலும் அதே கதைதான், ஒன்றும் படிக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்வது, போட்டோ போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுவது, என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவிக் கொடுப்பது: இத்தனையும் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். அதற்குப் பிறகு என்ன வேண்டும் என்று வந்தவரையே கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

திருநங்கை ஒருவரைச் சேர்த்தால் கழிவறைக்கு என்ன செய்வது? மற்ற லேடீஸ் ஸ்டாஃப் ஆட்சேபித்தால்?

கழிவறை பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள், எப்போதும். பெரும்பாலான சின்ன ஆபீஸ்களில் இருப்பது உள்ளிருந்து தாழ் போடக்கூடிய ஒற்றைக் கழிவறைகள். வெளியே ஒட்டியிருக்கும் படத்தை எடுத்துவிட்டால் முடிந்தது. பெண்கள் கழிவறை தனியாக இருந்தால் திருநங்கை அதைப் பயன்படுத்துவார், அவ்வளவுதான். ஆட்சேபிக்கிறவர்களிடம் டைரக்டர் பேச வேண்டும். திருநங்கை வேலைக்கு வந்து சேர்வதற்கு முன்பே பேச வேண்டும். அதைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டக்கூடாது.

நிஜமான சிக்கல்கள் வேறு இடத்தில் வரும். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பழைய பெயர் இருக்கும். சம்பளத்துக்கு அது தேவைப்படலாம், ஐ.டி. கார்டு, வருகைப் பதிவேடு, மின்னஞ்சல் மூன்றிலும் அவர் சொல்லும் பெயரே இருக்கட்டும். பழைய பெயர் அக்கவுண்டன்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது. இன்னொன்று வேலையின் தன்மை. தமிழ்நாடு 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம். இருந்தும் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் திருநங்கைகளை எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் களப்பணிக்குத்தான் எடுக்கின்றன; திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. கணக்கு, ஆவணம், பயிற்சி, நிர்வாகம் எதற்கு எடுத்திருக்கிறீர்கள்? திருநம்பிகளைப் பற்றி யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கிராமத்தில் ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடாது. களத்தில் நீங்கள் சொல்வதெல்லாம் நடக்குமா?

நியாயமான கேள்வி, இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் பாதிப் பிரச்சினை கூட்டம் போடும் இடத்தில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் வாசல் பக்கம் நிற்பார்கள். நாம் ‘காலனிக்காரங்களுக்கு ஆர்வமில்லை’ என்று ரிப்போர்ட் எழுதுவோம். அரசுப் பள்ளி, நூலகம், கிராம ஊராட்சிக் கட்டடம் என்று எல்லோரும் வரக்கூடிய இடத்தில் மட்டுமே கூட்டம், காலனியிலும் முறைவைத்துக் கூட்டம், எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர் என்று விதி எழுதுங்கள். அதைத் திட்டம் தொடங்கும் முன் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

விதி நிறுவனத்தின் லெட்டர்பேடில் இருந்தால் களப்பணியாளர் ‘ஆபீஸ் ரூல்ங்க, நான் என்ன செய்ய’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஊர் நாட்டாமையிடம் தனியாக வாதாட வேண்டியிருக்கும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குத் தண்டனை வைத்திருக்கின்றன என்பது ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். ஒத்துவராத ஊரை விட்டு வெளியேறிய நிறுவனங்கள் உண்டு. வெளியேறினால் இழப்பு காலனிக்கும்தான் என்பதால் அதை நான் சுலபமாகச் சொல்ல மாட்டேன். காலனி மக்களிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய முடிவு அது.

நாங்கள் தகுதி பார்த்து எடுக்கிறோம். இங்கேயும் ஒதுக்கீடா?

தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். தனியார் டிரஸ்டை அது கட்டாயப்படுத்தாது, நானும் கட்டாயப்படுத்தவில்லை. தகுதி என்று எதை எழுதுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. டூவீலர் விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் விளம்பரமே கிடையாது. ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்று டிரஸ்டி சொல்வார், திங்கட்கிழமை பையன் வேலைக்கு வந்துவிடுவான். அதில் தகுதி எங்கே வந்தது? அதுவும் ஒருவகை ஒதுக்கீடுதான்.

அமெரிக்காவிலேயே இதையெல்லாம் நிறுத்திவிட்டார்களே. இனி ஃபண்டர்கள் கேட்பார்களா?

2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, அமெரிக்க மத்திய அரசின் டைவர்சிட்டி திட்டங்களை நிறுத்தும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டும் மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி இருந்த நம் ஊர் நிறுவனங்கள் பட்ட பாடு உண்மை. சில ஃபண்டர்கள் படிவத்திலிருந்து அந்தப் பகுதியை எடுத்தும் விட்டார்கள்.

ஆனால் மேலே சொன்ன 2013, 2016, 2019 சட்டங்கள் வாஷிங்டனில் போட்டவை இல்லை. ஃபண்டருக்காக மட்டும் தொடங்கியவர்கள் இப்போது நிறுத்தலாம், அவர்களிடம் நிறுத்துவதற்கும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

செலவு எவ்வளவு ஆகும்? எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தில் காட்டலாமா?

தலைமைப் பயிற்சிக்குப் பெரிய ஓட்டல் வேண்டாம், உங்கள் ஆபீஸ் ஹாலே நல்லது. ஃபைல்கள் பக்கத்தில் இருக்கும். எஃப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டம்; அந்த நிதியில் நிர்வாகச் செலவின் வரம்பு 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஊழியர் பயிற்சி அதில் எந்தத் தலைப்பில் விழும் என்று செலவு செய்வதற்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட எளிது, திட்ட முன்மொழிவிலேயே இதை ஒரு வரியாகப் போட்டுவிடுவது. சைகைமொழி பெயர்ப்பாளர், குழந்தையோடு வருகிறவருக்குப் பார்த்துக்கொள்ள ஆள், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஆட்டோச் செலவு எல்லாம் அந்த வரிக்குள் அடங்கட்டும்.

டிரெய்னரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

அவருடைய ஸ்லைடுகளை முன்கூட்டியே கேளுங்கள். கறுப்பர், வெள்ளையர், வானவில் எல்லாம் இருந்து, சாதி என்ற சொல்லே இல்லை என்றால் வேறு ஆள் பாருங்கள். வெளிநாட்டு மாட்யூலை அப்படியே இறக்கியவர் அவர். ‘ஆறு மாதம் கழித்து வருவீர்களா, டிரஸ்டிகள் முன்னால் இதையே பேசுவீர்களா’ என்றும் கேளுங்கள்.

‘நம்ம தலித் ஸ்டாஃபையே அனுபவத்தைப் பேசச் சொல்லலாமே, செலவும் மிச்சம்’ என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். சம்பளம் தருகிறவர் முன்னால் அவர் எதைச் சொல்ல முடியும்? அழுதுவிட்டுப் போய் மறுநாள் அதே நாற்காலியில் உட்கார வேண்டியவர் அவர். அனுபவம் பேச வெளியிலிருந்து ஆளை அழையுங்கள், மற்ற பேச்சாளருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள்.

பயிற்சிக்குப் பிறகு ஆபீஸில் சண்டைதான் அதிகமாகிவிட்டது. முன்பு எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

யார் நிம்மதியாக இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு முதல் சில மாதம் புகார்கள் கூடத்தான் செய்யும். முன்பு விழுங்கியதை இப்போது சொல்கிறார்கள். ‘எங்களிடம் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும்.

அதே சமயம் எல்லாச் சண்டையும் நல்ல அறிகுறி என்றும் சொல்ல மாட்டேன். பயிற்சியில் கற்ற சொற்களை வைத்துப் பழைய கணக்கைத் தீர்ப்பவர்களும் உண்டு. அதனால்தான் புகார் எங்கே போகும், யார் கேட்பார், எத்தனை நாளில் பதில் என்பதைப் பயிற்சிக்கு முன்பே தீர்மானித்து வைக்கச் சொல்கிறேன். அது இல்லாத ஆபீஸில் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வெடிக்கும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சி முடிந்ததும் தரும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளது’ என்றுதான் டிக் அடிப்பார்கள். அதைவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் யார், ஏன்? பதவி உயர்ந்தவர் யார்? மினிட்ஸில் யார் பெயர்கள் வருகின்றன? போர்டில் புதிதாக யார்? டீ யார் ஊற்றுகிறார்கள்? வேலையை விட்டுப் போகிறவரிடம் டைரக்டர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, சர்ட்டிஃபிகேட் தருவீர்களா?

கலந்துகொண்டவர் பெயர், தேதி, நடத்திய தலைப்புகள் போட்டு ஒரு தாள் தருகிறேன். 2013 சட்டத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை புகார், எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது என்பதோடு எத்தனை பயிலரங்கு நடத்தினீர்கள் என்றும் ஒரு கட்டம் உண்டு. அதற்கு இது உதவும். முழு நேரமும் உட்காராதவர்களுக்குத் தருவதில்லை, டிரஸ்டியாக இருந்தாலும்.